புளித்தண்ணீரில் காய் ஏன் வேகாது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "பொங்கலுக்குக் கதம்பக் குழம்பு வைத்தேன். எவ்வளவு நேரம் கொதித்தும் சேனைக்கிழங்கும் அவரைக்காயும் நறுக்கென்றே இருந்தன. உனக்குக் கைராசி இல்லை என்கிறார் மாமியார். அப்படி ஒன்று உண்டா?"

கிடையாது. புளியை எப்போது ஊற்றினீர்கள் என்று மட்டும் கேட்டேன். காய் போடும்போதே என்றார். விடை அங்கேயே இருக்கிறது.

கதம்பக் குழம்பின் அழகே அதற்குக் கணக்கு இல்லை என்பதுதான். பெரிய மார்க்கெட்டில் அன்று என்ன மலிவோ அதை வாங்கலாம். பரங்கி, வாழைக்காய், மொச்சை, முருங்கை எதுவும் சேரும். வெந்த துவரம்பருப்பு, குழம்புத்தூள், புளி, தாளிப்பு. அவ்வளவுதான். ஆனால் வரிசை முக்கியம்: காய் வெந்த பிறகுதான் புளி.

காயின் செல் சுவரில் இருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசைவதில்லை. செல்களை ஒட்டி வைத்திருக்கும் சாந்துதான் பெக்டின். 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ வைத்த பெயர் அது. உறைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. ஜாமை உறைய வைப்பதும் இதுவே. காய் வேகிறது என்றால் பெரும்பாலும் இந்தச் சாந்து கரைகிறது என்று பொருள்.

பெக்டின் ஒரு நீண்ட மணிமாலை. மணிகள் காலக்டூரானிக் அமிலம். பல மணிகளின் தலையில் மெத்தில் என்ற சின்னக் குல்லா. கொதிநீரில் ஹைட்ராக்சைடு அயனி என்ற மின்னூட்டமுள்ள துகள் ஒன்று வந்து, குல்லா போட்ட மணியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பிடுங்கியதும் பக்கத்து மணியோடு இருந்த பிணைப்பு அறுந்துபோகிறது. இப்படியே மாலை துண்டு துண்டாகிக் கரைய, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவுகின்றன. கரண்டியால் அழுத்தும்போது கிழங்கு மசிகிறதே, அது இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இப்போது புளி. அதில் இருப்பது டார்டாரிக் அமிலம். பி.எச். என்பது புளிப்பை அளக்கும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும். அது ஒன்று இறங்கினால் ஹைட்ராக்சைடு பத்தில் ஒரு பங்காகிவிடும். தண்ணீர் 7, புளிக்கரைசல் 4 என்று வைத்துக்கொண்டால், மாலையை அறுக்க வரும் கத்திகள் ஆயிரத்தில் ஒன்றுதான் மிச்சம். குழம்பு தளதளவென்று கொதிக்கும். வெட்ட ஆள் இருக்காது.

கடலூரில் என் வீட்டு அடுப்பில் இதைச் செய்து பார்த்தேன். ஒரே கேரட்டை ஒரே அளவுத் துண்டுகளாக்கி, பாதியை வெறும் தண்ணீரிலும் பாதியை எலுமிச்சை அளவு புளி கரைத்த தண்ணீரிலும் போட்டேன். 15 நிமிடத்தில் முதல் பாத்திரத்துத் துண்டு விரலில் நசுங்கியது. இரண்டாவதில் நகம்கூட இறங்கவில்லை.

கடின நீரும் இதே வேலையைச் செய்யும், வேறு வழியில். அதிலுள்ள கால்சியம் இரண்டு பெக்டின் மாலைகளுக்கு நடுவே பாலம் போட்டு இறுக்கிவிடும். பூசணிப் பேட்டா என்ற இனிப்புக்குக் காயைச் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைப்பது இதற்காகத்தான். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் தண்ணீரா உங்களுடையது? கொதிக்கவைத்துத் தெளியவிட்டு ஊற்றுங்கள். சோடா உப்பு போட்டால் காய் சீக்கிரம் குழையும், ஆனால் பி1, சி வைட்டமின்கள் வீணாகும்.

எத்தனை மருமகள்கள் இந்தக் கைராசிப் பேச்சைக் கேட்டுக் கண் கலங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு ஹைட்ராக்சைடு அயனியின் பற்றாக்குறைக்கு ஒரு பெண்ணைக் குற்றம் சொல்வது அநியாயம். எட்டாம் வகுப்பிலேயே அமிலம், காரம் நடத்துகிறோம். அந்தப் பாடத்தில் இந்தக் கேரட் சோதனையைச் சேர்த்தால் என்ன?

சரி, அவசரத்தில் புளியை முன்பே ஊற்றிவிட்டீர்கள் என்றால், வேகாத துண்டுகளை அரித்தெடுத்து வேறு பாத்திரத்தில் வெந்நீரில் போட்டு வேகவிட்டு, அப்புறம் குழம்பில் சேருங்கள். வெண்டைக்காய்க்கு மட்டும் புளி முதலிலேயே போகட்டும். குழையாமல் முழுசாக நிற்கும், வழவழப்பும் குறையும்.