பனி வேறு, பனிக்கட்டி வேறு

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் செயின்ட் ஜோசப் என்று ஓர் ஊர். அங்கே ஏரிக்குள் நீளும் அலைதடுப்புச் சுவரில் நிற்கும் கலங்கரை விளக்கம், கடுங்குளிரில் மெழுகு வழிந்து இறுகியதுபோல் வெள்ளையாக மூடிக்கொள்ளும். அந்தப் படம் வரும்போதெல்லாம் தமிழில் கூடவே வருவது 'பனிப்பொழிவில் உறைந்த கலங்கரை விளக்கம்' என்ற வரி. போன குளிர்காலமும் அதேதான். இது முழுத் தவறு.

அங்கே பனி பொழியவே தேவையில்லை. பலத்த காற்றில் அலை சுவரில் மோதித் தெறிக்கிறது. அந்தச் சாரல் குளிர்ந்த இரும்பில் பட்டதும் உறைகிறது. அதன்மேல் அடுத்த சாரல், அதன்மேல் இன்னொன்று என்று கட்டிதட்டிக்கொண்டே போகிறது. இன்னொன்றும் உண்டு. ஏரி கரையோரம் முழுக்க உறைந்துவிட்டால் இந்தக் காட்சி கிடைக்காது. அலை எழாது, சாரலும் தெறிக்காது. 'பனிப்பொழிவு' என்ற ஒரு சொல் இத்தனையையும் மறைத்துவிடுகிறது.

பனித்தல் என்றால் குளிர்தல், நடுங்குதல். முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் வைத்தோம். அந்தப் பனி புல்நுனியில் நிற்கும் துளி, விடியற்காலை மூட்டம். வானத்திலிருந்து விழும் கட்டிக்கு ஆலி என்ற பழஞ்சொல் தனியாக இருந்தது. இன்றும் ஆலங்கட்டி மழை என்கிறோம். ஆக, கெட்டியாக உறைந்த நீரைக் 'கட்டி' என்பது நம் வழக்கம்தான். பனிக்கட்டி அந்த வழியில் வந்த நல்ல சொல்.

அப்புறம் ஏன் 'பனி உடைப்பான்'? வட அமெரிக்கப் பேரேரிகளில் உறைபரப்பைப் பிளந்து சரக்குக் கப்பல்களுக்கு வழி செய்யும் கப்பலைத்தான் இப்படி எழுதுகிறார்கள். முதல் குறை, பனியை உடைக்க முடியாது. துளியை உடைப்பதா, மூட்டத்தை உடைப்பதா? பொழியும் பனியைக்கூட வாரித் தள்ளலாம், உடைக்க ஒன்றுமில்லை. இரண்டாவது, 'ஆன்' விகுதி. அழிப்பான், துடைப்பான் எல்லாம் கையில் பிடிக்கும் பொருள்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 'மாக்கினா' கப்பல் 240 அடி நீளம்; 2006 முதல் பணியில் இருக்கிறது. சுமார் 80 சென்டிமீட்டர் கனமுள்ள கட்டியைப் பிளந்துகொண்டு நிற்காமல் போகும். இந்த வகைக் கப்பல்கள் முன்பகுதியைக் கட்டியின்மேல் ஏற்றித் தம் எடையால் அழுத்தி முறிக்கின்றன. அதை உடைப்பான் என்றால் சமையலறைச் சாமான்தான் நினைவுக்கு வரும். 'பனிக்கட்டி உடைக்கும் கப்பல்' நீளம் என்பார்கள். நீளட்டும், படிக்கிறவருக்குப் புரிகிறதே.

சுருக்கமாகவும் தூய தமிழாகவும் வேண்டும் என்று சிலர் 'உறைபனி உடைப்பி' என்று போடுகிறார்கள். உறைபனிக்கு ஏற்கெனவே பொருள் இருக்கிறது. ஊட்டியில் நீர்ப்பனி என்றும் உறைபனி என்றும் பிரித்துச் சொல்வார்கள்; உறைபனி என்றால் விடியலில் தேயிலையையும் காய்கறிப் பயிரையும் கருக்கும் மெல்லிய வெண்படலம். மலைமக்கள் துல்லியமாக வைத்திருக்கும் சொல்லைப் பிடுங்கி, ஏரியை மூடும் பாளத்துக்குக் கொடுப்பது தமிழ்த்தொண்டு ஆகாது.

இந்தக் குழப்பத்தால் செய்தியே கெடுகிறது. ஹூரன் ஏரியில் ஸ்பெக்டக்கிள் ரீஃப் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர்கள் 1874 வசந்தத்தில் திரும்பி வந்தபோது, கோபுரத்தையொட்டி 30 அடி உயரத்துக்குப் பனிக்கட்டி குவிந்திருந்தது. வாசலுக்கு மேலே 7 அடி. வெட்டி வழி செய்துதான் உள்ளே போனார்கள். இதைப் 'பனி குவிந்திருந்தது' என்று எழுதிப் பாருங்கள்: மண்வாரி எடுத்து ஒதுக்கினார்கள் என்றே படிக்கிறவர் நினைப்பார். ஏரிப் பாளங்களைக் காற்று நெட்டித் தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் அந்த வலிமை காணாமல் போகும். பேரேரிகளுக்கிடையே கப்பல்களை ஏற்றி இறக்கும் சூ மதகுகள் ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடியிருப்பதையும் 'பனி காரணமாக' என்று எழுதுகிறார்கள். பராமரிப்பு வேலைக்கான காலமும் அதுதான். அதோடு, கப்பலை மறிப்பது நீர்ப்பரப்பில் இறுகிய கட்டி; மேலிருந்து கொட்டுவது இல்லை.

பனிப்பாறையும் அப்படித்தான். மலையிலிருந்து மெல்ல இறங்கும் பனியாறும் அதுவே, கடலில் மிதக்கும் மலையும் அதுவே என்றால் வாசகர் என்ன செய்வார்? ஒன்ராறியோ ஏரிக்கரையில், டொராண்டோவில் வாழும் தமிழர்களைக் கேளுங்கள். ஸ்னோ கொட்டுது என்பார்கள், ரோட்டில் ஐஸ் என்பார்கள். வழுக்கி விழுவது எதில் என்று தெரிந்தவர்கள் இரண்டையும் குழப்புவதில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிற மொழிபெயர்ப்பாளர்தான் குழப்புகிறார்.

சரி, என்ன எழுதலாம்? விழுவது பனி, உறைந்து இறுகியது பனிக்கட்டி, ஏரிமேல் படர்ந்தது பனிக்கட்டிப் பாளம். செயின்ட் ஜோசப் விளக்கின்மேல் படிவது உறைசாரல். அந்தப் படத்தின் கீழே 'உறைசாரல் மூடிய கலங்கரை விளக்கம்' என்று போட்டால் போதும்.