கதவு கேட்காத கேள்வி

ஓர் அலுவலகத்தின் நுழைவாயில் பாதுகாப்பைச் சோதித்துத் தரும்படி என்னை அழைத்திருந்தார்கள். பழைய காந்தப் பட்டை அட்டைகளை ஒழித்துவிட்டு எல்லாருக்கும் சிப் பதித்த புதிய அட்டை, அதாவது ஸ்மார்ட் கார்டு, கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நிர்வாகியின் அனுமதியோடு அவருடைய அட்டையை வாங்கி, நான் கொண்டுபோன, அட்டையைப் படிக்கும் கருவியான ரீடரின் மேல் வைத்தேன். திரையில் ஓர் எண் வந்தது. எண்ணை மாற்றி எழுத வசதியுள்ள வெற்று அட்டை ஒன்றில் அதைப் பதித்துக்கொண்டு கதவருகே போய்க் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்துகொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்படியானால் இவ்வளவு செலவு செய்து இந்த அட்டைகளை வாங்கியது எதற்கு?” என்று கேட்டார் அவர். அட்டையில் ஒரு குறையும் இல்லை. அந்த அட்டை என்னவெல்லாம் செய்யக்கூடியது என்பதைக் கதவு பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. இந்தத் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

உங்கள் வங்கி அட்டையை எடுத்துப் பாருங்கள். நீளம் 85.6 மில்லிமீட்டர், தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் பளபளக்கும் பொன்னிறச் சதுரத்தைத்தான் பலரும் சிப் என்று நினைக்கிறார்கள். அது வெறும் தொடுதகடு. அதன் மேல் ஓடும் மெல்லிய கோடுகள் அதைச் சிறு சிறு தகடுகளாகப் பிரிக்கின்றன. ஒன்றின் வழியாக மின்சாரம் வரும். இன்னொன்று கடிகாரத் துடிப்புக்கு. மற்றொன்று தகவல் போக்குவரத்துக்கு. உண்மையான சிப் அதன் அடியில், அதைவிட மிகச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் நுண்செயலி, நினைவகம், இயங்குதளம் எல்லாம் உண்டு. அட்டையில் பேட்டரி கிடையாது. கருவிக்குள் செருகியதும் மின்சாரம் கிடைத்துச் சிப் விழித்துக்கொள்கிறது. தான் எந்த வகை என்று சில பைட்டுகளில் சொல்லிவிட்டு, கட்டளைக்குக் காத்திருக்கிறது. தொடாமலே வேலை செய்யும் அட்டையில், உள்ளே சுருளாக ஓடும் ஆன்டெனா, ரீடர் எழுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப் புலத்திலிருந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது.

காந்தப் பட்டையில் உள்ளதை எந்தக் கருவியும் முழுதாகப் படித்துவிடும். படித்ததை வேறொரு பட்டையில் எழுதினால் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசமே இல்லை. ஸ்மார்ட் கார்டோ தன் ரகசியச் சாவியை, அதாவது சிப்புக்குள் பூட்டிவைத்த ரகசிய எண்ணை, யாரிடமும் கொடுப்பதில்லை. ரீடர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும். சிப் தன் சாவியை வைத்து அந்த எண்ணைக் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். விடை சரியாக இருந்தால் சாவி அதனிடம் இருக்கிறது என்று பொருள். அடுத்த முறை கேள்வி வேறு, விடையும் வேறு. நேற்றைய உரையாடலை ஒருவன் முழுவதும் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்திருந்தாலும் இன்றைக்கு அது உதவாது. நாம் தட்டும் பின் (PIN) என்ற ரகசிய எண்ணையும் பல அட்டைகளில் சிப்பே சரிபார்க்கிறது. தவறுகளை எண்ணிக்கொண்டே வந்து, பெரும்பாலும் மூன்றாவது தவறில் தன்னைப் பூட்டிக்கொள்கிறது.

இந்த யோசனைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். 1960களின் இறுதியில் ஜெர்மனியில் டெத்லோஃபும் க்ரோட்ரப்பும், 1974இல் பிரான்ஸில் ரோலான் மொரேனோவும் காப்புரிமை கோரினார்கள். அட்டைக்குள் நுண்செயலியைக் கொண்டுவந்தவர் மிஷேல் உகோன். பிரான்ஸில் பொதுத் தொலைபேசி அட்டையாகப் பரவி, பிறகு வங்கி அட்டைக்குள் வந்தது. நம் கைபேசியில் இருக்கும் சிம் கார்டும் ஸ்மார்ட் கார்டுதான். 1991இல் பின்லாந்தின் ஜிஎஸ்எம் என்ற கைபேசிச் சேவையோடு அது புழக்கத்துக்கு வந்தது. ஹாங்காங்கில் 1997 முதல் ஆக்டோபஸ் அட்டையைத் தட்டிவிட்டு ரயில் ஏறுகிறார்கள். எஸ்டோனியாவில் அடையாள அட்டையைக் கொண்டே ஆவணங்களில் கையொப்பமிடுகிறார்கள். கையால் இட்ட கையொப்பத்துக்கு உள்ள சட்ட மதிப்பு அதற்கும் உண்டு. மின்னணுக் கடவுச்சீட்டின் உள்ளேயும் இதே குடும்பத்துச் சிப்தான் இருக்கிறது.

மறுபடியும் கதவுக்கு வருகிறேன். தொடாமல் இயங்கும் ஒவ்வொரு அட்டையும் ரீடரின் அருகில் வந்ததும் ஓர் அடையாள எண்ணைச் சொல்லும். இரண்டு மூன்று அட்டைகள் ஒரே நேரத்தில் அருகில் இருந்தால், எதனோடு பேசுகிறோம் என்று ரீடர் பிரித்தறிவதற்காக ஏற்பட்ட எண் அது. பெரும்பாலான அட்டைகளில் அதற்கு எந்த மறைப்பும் இல்லை. கேட்ட எவருக்கும் கிடைக்கும். அந்த அலுவலகத்தின் கதவு அந்த எண்ணை மட்டும் படித்து, பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத் திறந்துகொண்டிருந்தது. சாவியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காந்தப் பட்டையிலிருந்து அவர்கள் ஓர் அடிகூட முன்னே வரவில்லை.

நிறுவுபவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், எண்ணைப் படிப்பது சுலபம். சாவிகளை நிர்வகிப்பது கடினம். சாவியை யார் உருவாக்குவது, எங்கே வைப்பது, ஒரு சாவி வெளியே போய்விட்டால் என்ன செய்வது என்றெல்லாம் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். தொழிற்சாலையில் போட்ட சாவியை மாற்றாமலே வருடக்கணக்கில் ஓடும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் விஷயம், ஏனென்றால் அந்தச் சாவி எல்லாருக்கும் தெரிந்தது.

அட்டையின் வகையும் முக்கியம். மைஃபேர் கிளாசிக் என்ற அட்டையின் மறையாக்க முறையை ஆய்வாளர்கள் 2008இல் உடைத்துக் காட்டினார்கள். இன்னமும் அது பல கதவுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல சிப்பிலும் பிழை வரலாம். எஸ்டோனியாவில் 2017இல் சாவி உருவாக்கும் முறையில் குறை தெரியவந்தபோது ஏறத்தாழ ஏழரை லட்சம் அட்டைகள் பாதிக்கப்பட்டன. ஆனால், சாவி இன்னாருடையது என்று உறுதி சொல்லும் அட்டையின் மின்னணுச் சான்றிதழ்களை இணையம் வழியாகவே புதுப்பிக்கும் வசதி அவர்களிடம் இருந்தது. அட்டை வாங்கும் நிறுவனங்கள் விற்பவரிடம் இந்த வசதியைப் பற்றியும் கேட்க வேண்டும், அதற்கும் முன்னால், “உங்கள் ரீடர் எண்ணைப் படிக்கிறதா, சாவியைச் சோதிக்கிறதா?” என்று கேட்க வேண்டும்.

அட்டையை வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். சிப் வேலை செய்யும் இடத்தில் பட்டையைத் தேய்க்க விடாதீர்கள். பின் எண் இரண்டு முறை தவறினால் மூன்றாவது முறை ஊகிக்காதீர்கள். தொலைந்தால் உடனே முடக்கச் சொல்லுங்கள். பழைய அட்டையைத் தூர எறியும் முன் சிப்பின் குறுக்கே வெட்டுங்கள். அட்டையை இரண்டாக மடித்தால் மட்டும் சிப் உடைந்துவிடாது.

அந்த அலுவலகத்தில் அட்டைகளை மாற்றவில்லை, அவை தரமானவைதான். ரீடர்களின் அமைப்பை மாற்றினோம். முதன்மைச் சாவியை மூன்று பங்காக்கி, மூன்று பேர் தனித்தனியாக, ஒருவர் தட்டச்சு செய்வதை மற்றவர் பார்க்காமல் உள்ளிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வோர் அட்டைக்கும் தனிச் சாவி பிறந்தது. ஒரு அட்டை உடைபட்டாலும் மற்றவை தப்பிக்கும். எல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது. கடைசி நாள் என் பையிலிருந்து அதே வெற்று அட்டையை எடுத்து நிர்வாகியின் கையிலேயே கொடுத்தேன். அவர் கதவில் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு முறை காட்டிப் பார்த்தார்.