கனத்தால் நிற்கும் படகும் அகலத்தால் நிற்கும் படகும்

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, கூட்டப்புளிக்கும் இடிந்தகரைக்கும் எதிரே கடலில் இறங்குகிறது. கரையோரத்தில் இதைக் கச்சான் என்பார்கள். இந்தக் காற்றில், ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தங்கிப் பயணம் போகக்கூடிய 40 அடிப் பாய்மரப் படகு எப்படி நடந்துகொள்ளும்? அது ஒற்றை உடல் கொண்டதா, இரட்டை உடல் கொண்டதா என்பதைப் பொறுத்தது. வேகம், சுகம், குடித்தனம் என்று இவற்றைத் தனித்தனியாக ஒப்பிடுவது வழக்கம். ஆனால் வேறுபாடுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன. பாயில் காற்று மோதும்போது கவிழாமல் நிற்கும் பலத்தைப் படகு எங்கிருந்து எடுக்கிறது என்பதுதான் அது.

ஒற்றை உடல் படகு அதைக் கனத்திலிருந்து எடுக்கிறது. பத்து டன் படகில் மூன்று, நான்கு டன் ஈயமோ இரும்போ அடியில் தொங்கும் துடுப்பு போன்ற பகுதியில் இருக்கும். காற்று தள்ளினால் படகு சாயும். சாயச் சாய அடிக்கனம் பக்கவாட்டில் விலகி, திருப்பி நிமிர்த்தும் விசை கூடும். சாய்ந்த பாயில் காற்றும் வழுக்கிப் போய்விடும்.

இரட்டை உடல் படகு என்பது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஒல்லி உடல்களை மேலே ஒரு தளம் இணைப்பது. அதற்கு அடிக்கனம் கிடையாது. ஏழு மீட்டர் அகலத்தை நம்பி நிற்கிறது. படகின் எடை 12 டன், நடுக்கோட்டிலிருந்து ஓர் உடலின் மையம் இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். கவிழ்க்க 30 டன்-மீட்டர் திருப்புவிசை வேண்டும். அதே நீள ஒற்றை உடல் படகைவிட மூன்று, நான்கு மடங்கு. ஆனால் இந்தப் பலம் முழுவதும் சுமார் பத்து டிகிரி சாய்விலேயே உச்சத்துக்கு வந்துவிடும். அதைத் தாண்டினால் குறைந்துகொண்டே போகும், தலைகீழானால் தானாக நிமிராது. ஒற்றை உடல் படகு நூறு டிகிரிக்கு மேல் சாய்ந்தாலும் பெரும்பாலும் எழுந்துவிடும். இந்தியக் கடற்படையின் தாரிணி 17 மீட்டர் நீள ஒற்றை உடல் படகு. கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து அதில் புறப்பட்டு, தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பினார்கள். அந்தத் தென்கடலில் அடிக்கனம் எவ்வளவு பெரிய துணை என்று சொல்லத் தேவையில்லை.

சாயாமல் நிற்பது சுகம்தான், ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப வளரும். 14 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) காற்று 20 நாட் ஆனால் பாயின் மேல் விழும் விசை இரட்டிப்பு. ஒற்றை உடல் படகு இதைச் சாய்ந்து காட்டும், பாயைக் குறைக்கச் சொல்லும். இரட்டை உடல் படகு அப்படிக் காட்டாது. விசை முழுவதும் பாய்மரத்துக்கும் கம்பிகளுக்கும் போகும். காற்றுமானியின் எண்ணைப் பார்த்துத்தான் பாயைச் சுருக்க வேண்டும். ராத்திரிக் காவலில் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது இது சின்ன விஷயம் இல்லை.

சரி, வேகம். தண்ணீரைத் தொடும் நீளம் 36 அடி என்றால் ஒற்றை உடல் படகின் வேகம் எட்டு நாட், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் அருகே முட்டிக்கொள்ளும். படகு எழுப்பும் அலையின் நீளம் அதன் வேகத்தோடு வளரும். அலையின் நீளம் படகின் நீளத்தைத் தாண்டப் பார்த்ததும் அணியம் (முன்முனை) ஒரு மேட்டிலும் அமரம் (பின்முனை) பள்ளத்திலும் மாட்டிக்கொள்கின்றன. சேற்றுவயலில் பரம்படிக்கும்போது பலகைக்கு முன்னால் சேறு குவிந்து மறிப்பது மாதிரி, படகு தான் எழுப்பிய மேட்டில் தானே ஏறப் பார்க்கிறது. இரட்டையின் உடல்கள் ஒல்லியானவை, எழுப்பும் அலை சிறியது, அதனால் இந்தத் தடை அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் குடித்தனம் நடத்தும் படகில் தண்ணீர், டீசல், பேட்டரி, சமையல் சாமான், நங்கூரச் சங்கிலி என்று ஏறிக்கொண்டே போகும். ஒல்லி உடல் அமிழ அமிழ அந்த அனுகூலம் கரைகிறது.

காற்றை எதிர்த்துப் போவதில் ஒற்றை உடல் படகு கெட்டி. தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் 110 கிலோமீட்டர் காற்று நேர் எதிரே என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்கு 45 டிகிரியில் மாறி மாறி ஏறும் ஒற்றை உடல் படகு சுமார் 155 கிலோமீட்டர் ஓட வேண்டும். காற்றுக்கு 55 டிகிரியை விட நெருங்க முடியாத இரட்டைக்கு 190 ஆகிவிடும். அதோடு, இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடிவயிற்றில் அலை வந்து மோதும். அந்தச் சத்தத்தில் உள்ளே தூங்குவது கஷ்டம். சுமை கூடினால் தளம் தண்ணீருக்கு நெருங்கி, மோதலும் கூடும்.

நங்கூரம் போட்ட பிறகு கணக்கு மாறுகிறது. நம் கரையில் கச்சான் நிலத்திலிருந்து வீசும், படகு அதைப் பார்த்து அணியத்தைத் திருப்பி நிற்கும். அலையோ தெற்கிலிருந்து பக்கவாட்டில் வரும். அலையின் தாளமும் படகின் ஆட்டத் தாளமும் ஒத்துப்போனால் ஒற்றை உடல் படகில் அடுப்பில் பாத்திரம் நிற்காது. இரட்டை அலையின் சரிவோடு ஏறி இறங்குமே தவிர, அப்படித் தாலாட்டாது. ஆனால் குட்டையான அலையில் அதன் அசைவு வெடுக்வெடுக்கென்று இருக்கும். வயிற்றைப் புரட்டுவது பெரும்பாலும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போகும் அசைவு. அதனால் எந்தப் படகில் வாந்தி வரும் என்பது அன்றைய அலையைப் பொறுத்தது.

நம் ஊர் வெயிலுக்கு இரட்டையின் அமைப்பு பொருத்தம். கூடமும் அடுப்படியும் கடல்மட்டத்துக்கு மேலே, நாலு பக்கமும் ஜன்னல், கூரையில் சூரியத் தகடுக்கு இடம். அதன் அடி சுமார் 1.2 மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். ஒற்றைக்கு இரண்டு மீட்டர் வேண்டும். அடியில் பாறைத்தட்டு உள்ள மன்னார் வளைகுடாக் கரையில் இந்த வித்தியாசம் பெரிது.

என்னைக் கேட்டால், ஆடிக் காற்றில் குமரிமுனையைச் சுற்ற வேண்டியவர் ஒற்றையை எடுக்கட்டும். பங்குனி, சித்திரை போன்ற அமைதியான மாதங்களில் கரையோரம் தங்கித் தங்கிப் போகிறவருக்கு இரட்டை நல்லது. எதை வாங்கினாலும், வீட்டுச் சாமானெல்லாம் ஏற்றிய பிறகு படகில் வரைந்த நீர்க்கோடு எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அது தண்ணீருக்குள் போயிருந்தால், விற்பவர் சொன்ன வேகக் கணக்கை மறந்துவிட்டு, எதை இறக்கலாம் என்று யோசியுங்கள்.