நாவலுக்குள் வரும் நாளிதழை நம்பலாமா?

முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்துவது என் வேலையில் பாதி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, பிலிப்பைன்ஸ் அரசியல் பற்றி எழுதும்போது ‘மெட்ரோ மணிலா டெய்லி’ என்ற நாளிதழின் செய்தியைச் சான்றாகக் காட்டியிருந்தார். அந்த நாளிதழின் முதலாளியே ஒரு கதாபாத்திரம்! ஜெசிகா ஹேகடார்ன் ‘டாக்ஈட்டர்ஸ்’ நாவலுக்காக (1990) உருவாக்கிய பத்திரிகை அது. அதோடு நிற்கவில்லை. அதே நாவலில் வரும் அமெரிக்க அதிபர் மெக்கின்லியின் பேச்சை ‘ஆசிரியரின் நையாண்டிக் கற்பனை’ என்று பாராட்டியிருந்தார். அது நாவலாசிரியர் எழுதியதே அல்ல.

இரவெல்லாம் வெள்ளை மாளிகையில் நடந்து, கைக்கு வந்த பிலிப்பைன்ஸை என்ன செய்வது என்று மண்டியிட்டுக் கடவுளிடம் வழிகேட்டதாகவும், பிலிப்பினோக்களைக் கிறித்துவர்களாக்கி உயர்த்தும் பொறுப்பு தமக்கு இருப்பது புரிந்ததாகவும் அதிபர் சொல்கிறார். அந்த மக்களில் பெரும்பாலோர் அப்போதே கத்தோலிக்கர்கள். நையாண்டி என்று மாணவி நினைத்ததில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் குழப்பம் திட்டமிட்டு வைக்கப்பட்டது. இப்படி உண்மையையும் புனைவையும் கலந்து, ஒற்றை உண்மையைச் சந்தேகிக்கும் எழுத்துப்போக்கான பின்நவீனத்துவம் என்றவுடன் ‘சிதறிய கதைசொல்லல்’ என்று மனப்பாடமாக எழுதிவிட்டு நகர்கிறோம். மணிலாவில் அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. 1972இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்த பிலிப்பைன்ஸ் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ், தன் பெயரில் நாட்டு வரலாற்றையே பல தொகுதிகளாக எழுதுவித்தவர். இரண்டாம் உலகப்போரில் கொரில்லாப் படை நடத்தியதாக அவர் சொல்லிக்கொண்டது பொய் என்று அமெரிக்க ராணுவக் கோப்புகள் 1986 ஜனவரியில் அம்பலப்படுத்தின. ஆட்சியாளரே ஆவணப் புனைவில் கைதேர்ந்தவர் என்றால், நாவலாசிரியர் நேர்க்கோட்டில் கதை சொன்னால் போதுமா?

‘டாக்ஈட்டர்ஸ்’ முடியும் தறுவாயில், கதைசொல்லி ரியோவுக்கு அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி பூச்சா ஒரு கடிதம் எழுதுகிறாள். ரியோ இதுவரை சொன்ன குடும்பக் கதையில் ஆண்டும் நிகழ்வும் தவறு என்று கடிந்துகொள்கிறாள். இருநூறு பக்கத்துக்கும் மேல் நம்பி வந்த வாசகருக்குக் காலடியில் மண் சரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அடிக்குறிப்புகளைத் தாண்டிப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சொல். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஜினா அபோஸ்டல் 2009இல் வெளியிட்ட ‘தி ரெவல்யூஷன் அக்கார்டிங் டு ரேமுண்டோ மாதா’ நாவலில், ஒரு புரட்சிக்காரனின் நினைவுக்குறிப்புக்குக் கீழே பதிப்பாசிரியரும் உளவியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் சண்டையிடுகிறார்கள். அடிக்குறிப்பை விட்டுவிட்டால் நாவலையே விட்டுவிட்டீர்கள்.

இப்போது வகுப்பில் இரண்டு நிறப் பென்சில் கொடுக்கிறேன்: கற்பனை ஆவணத்துக்குச் சிவப்பு, வெளியிலிருந்து எடுத்ததற்கு நீலம். மெக்கின்லி பக்கம் மட்டும் சிக்கல். அவர் 1899இல் பேசியதாகச் சொல்லப்படும் அந்த உரை அச்சேறியது 1903இல், அவர் கொல்லப்பட்டு ஓராண்டுக்கும் மேல் கழித்து. எழுதியவர் ரஸ்லிங் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி. அவர் சொன்னபடியே அதிபர் பேசினாரா என்று ஐயப்படும் வரலாற்றாளர்கள் உண்டு. போன வாரமும் அந்தப் பக்கத்துக்கு எந்த நிறம் என்று வகுப்பில் சச்சரவு. மணி அடித்த பிறகும் ஓயவில்லை.