தரவிறக்கிய வீடியோ கேமை மறுவிற்பனை செய்யலாமா?

பதிப்புரிமை தொடர்பான ஆலோசனைக்கு என்னிடம் வருவோரில் சிலர், பணம் கொடுத்துத் தரவிறக்கிய வீடியோ கேமை ஆடி முடித்தபின் இன்னொருவருக்கு விற்கலாமா என்று கேட்பதுண்டு. டிஸ்க்கில் வாங்கியதை விற்க முடிகிறது. அதே விலைக்கு இணையத்தில் வாங்கியதை விற்க முடியவில்லை. இதில் என்ன நியாயம் என்பதே அவர்களது கேள்வி. ஐரோப்பியச் சட்டம் இதற்குத் தரும் விடையை அறிய, பிரான்சில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நடந்த வழக்கு ஒன்றைப் பார்ப்பது நல்லது.

யூஎஃப்சி கு ஷுவாசீர் என்ற நுகர்வோர் அமைப்பு, வீடியோ கேம்களை இணையவழி விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது 2015 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. மறுவிற்பனையைத் தடுக்கும் ஸ்டீம் ஒப்பந்த விதி செல்லாது என்று 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 அக்டோபர் 23 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமும் வால்வின் பக்கமே நின்றது.

பதிப்புரிமை உடையவரின் சம்மதத்தோடு ஒரு பிரதி ஒருமுறை விற்கப்பட்டுவிட்டால், அந்தப் பிரதி மேலும் கைமாறுவதைத் தடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. பழைய புத்தகக் கடைகள் இயங்குவது இந்த விதியால்தான். காலவரம்பற்ற உரிமத்தோடு தரவிறக்கப்பட்ட மென்பொருளுக்கும், விற்பவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டால் இவ்விதி பொருந்தும் என்று, ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் கூறியது. ஆனால் வீடியோ கேம் வெறும் மென்பொருள் அன்று. ஓவியம், இசை, கதை ஆகியவையும் சேர்ந்த கூட்டுப்படைப்பு என்பதால் அதற்குப் பொதுப் பதிப்புரிமை விதிகளே பொருந்தும் என்றும், அவ்விதிகளின்படி பருப்பொருளாக உள்ள பிரதிகளுக்கு மட்டுமே மறுவிற்பனை உரிமை உண்டு என்றும் பிரெஞ்சு நீதிமன்றங்கள் முடிவு செய்தன. மின்னூல்களைப் பற்றிய 2019 டிசம்பர் தீர்ப்பிலும் ஒன்றிய நீதிமன்றம் இதே வழியில் சென்றிருந்தது.

மென்பொருள் வழக்கொழியும்வரை பயன்படும், விளையாட்டோ ஆடி முடிந்ததும் சந்தைக்கு வந்துவிடும் என்ற வாதத்தையும் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் ஏற்றது. இந்த வாதம் எனக்கு முழு நிறைவு தரவில்லை. படித்து முடித்த புத்தகத்துக்கும் அது பொருந்தும். அதற்காகப் புத்தகத்தின் மறுவிற்பனையை எவரும் தடுத்ததில்லை. டிஜிட்டல் பிரதி தேய்வதில்லை, அதனால் பழையதும் புதியதற்கு ஈடாகிவிடும் என்ற வாதத்துக்கு மட்டுமே உண்மையான வலு உண்டு.

விற்க முடியாமை ஒருபுறமிருக்க, வாங்கியதே கைவிட்டுப் போவதும் உண்டு. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதை ஆட முடியவில்லை. விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்னும் கலிஃபோர்னியச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இணையத் தொடர்பின்றிப் பயன்படுத்தும்படி நிரந்தரமாகத் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய பிரதிகளுக்கு அதில் விலக்கு உண்டு. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதும் இந்த வசதி இருக்கிறதா என்பதைத்தான்.

விளையாட்டை விற்க வழியில்லாததால் கணக்கையே விற்க முனைவோருக்கு ஓர் எச்சரிக்கை: ஸ்டீம் ஒப்பந்தம் கணக்கைக் கைமாற்றுவதைத் தடை செய்கிறது. அப்படிக் கைமாறிய கணக்கு முடக்கப்பட்டாலோ, பழைய உரிமையாளர் அதை மீட்டெடுத்துக்கொண்டாலோ, வாங்கியவர் அத்தளத்திடம் முறையிட இடமில்லை.