இந்த வரிக்கு 'ஆம்' சொன்னது யார்?

உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் எந்த வரி மசோதாவை ஆதரித்து வாக்களித்தார், எதை எதிர்த்தார் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அவருடைய சொத்து எவ்வளவு, வழக்குகள் எத்தனை என்பதெல்லாம் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் கிடைத்துவிடும். வரிக்கு அவர் போட்ட வாக்கு மட்டும் கிடைக்காது. யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. பெரும்பாலும் அது பதிவாவதே இல்லை.

வரி ஆலோசகர் வேலையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "இதை யார் சார் போட்டது?" என்பதுதான். கடைக்காரரும் கேட்பார், வீடு வாங்குபவரும் கேட்பார், வண்டி வாங்கியவரும் கேட்பார். கேட்பவர் பெரும்பாலும் ஒரு கட்சியின் பெயரை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். நம் வாக்கில் ஜெயித்துப்போன ஆள் அந்த நேரத்தில் பேரவையில் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல என்னிடமும் ஆவணம் இல்லை.

காரணம் எளிது. தமிழ்நாடு சட்டப்பேரவையில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஏற்பவர்கள் 'ஆம்' என்கிறார்கள், மறுப்பவர்கள் 'இல்லை' என்கிறார்கள், எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று பேரவைத் தலைவர் முடிவு சொல்கிறார். 234 பேர் கொண்ட அவையில் யார் எதைச் சொன்னார், யார் வாயே திறக்கவில்லை, யார் வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தார் என்று குறிப்பில் வராது. மேலவை 1986இல் கலைக்கப்பட்டுவிட்டதால் மசோதாவை இன்னொரு முறை அலசிப் பார்க்கவும் வேறு அவை கிடையாது.

எண்ணிப் பார்க்கவே முடியாதா என்றால், முடியும். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கைத் தீர்மானத்தில் உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்தவர்கள் யார் யார் என்பது அன்று மாலையே தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அரசு நிற்குமா விழுமா என்றால் தலையை எண்ணுகிறோம். வரி என்று வந்தால் சத்தத்தை வைத்து முடித்துக்கொள்கிறோம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்கு இடும் கட்டளை. 1985இல் 52ஆவது திருத்தம் அரசியலமைப்பில் கொண்டுவந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகலாம். பதினைந்து நாளுக்குள் கட்சியே மன்னித்துவிட்டால் தப்பலாம். ஆகவே தனி உறுப்பினரைக் கேட்டு என்ன பயன், கட்சியைக் கேளுங்கள் என்பார்கள். பாதி நியாயம்தான். ஆனால் 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தத் தண்டனையை அரசின் உயிருக்கு உலை வைக்கும் வாக்கெடுப்புகளுக்கும், கட்சி மக்களிடம் சொல்லி வாக்கு வாங்கிய முக்கியக் கொள்கைகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே சரி என்றது. பட்ஜெட்டுக்கு அது பொருந்தும். ஒவ்வொரு சின்ன வரித் திருத்தத்துக்கும் பொருந்துமா என்பது என் சந்தேகம். நடைமுறையில் இன்னொன்றும் உண்டு. 2017இல் எதிர்த்து வாக்களித்த, ஆளும் அதிமுகவையே சேர்ந்த அந்த 11 பேரின் பதவி போகவில்லை. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஓ. பன்னீர்செல்வம் அதே ஆண்டு ஆகஸ்டில் துணை முதல்வரானார், நிதித்துறையும் அவரிடம் வந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. பல மாநிலங்களில் மசோதாவின் கடைசி வாக்கெடுப்பைப் பெயர் வாரியாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதை வைத்து வரி செலுத்துவோர் அமைப்புகள் உறுப்பினர்களுக்கு மதிப்பெண் பட்டியலே போடுகின்றன. வரியை உயர்த்த மாட்டேன் என்று எழுத்தில் உறுதிமொழி வாங்கும் வழக்கமும் அங்கே 1986 முதல் இருக்கிறது. பதிவு இருப்பது நல்லது. மதிப்பெண் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லா வரிக்கும் 'இல்லை' சொன்னவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அதே ஆள் தன் தொகுதிக்குப் பாலமும் கல்லூரியும் கேட்டதை அந்தப் பட்டியல் கணக்கில் எடுக்காது. வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டச் சொல்லும் வாடிக்கையாளர் வந்தால் நான் என்ன சொல்வேனோ, அதைத்தான் இவருக்கும் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல், வரி எந்த வாசல் வழியாக வருகிறது என்பது. எல்லா வரியும் பேரவை வழியாக வருவதில்லை.

2023இல் மோட்டார் வாகன வரி உயர்ந்தது. அது அக்டோபரில் பேரவையில் மசோதாவாக வந்து நிறைவேறியது. ஒன்றரை லட்ச ரூபாய் பைக்குக்கு 8 சதவீதமாக இருந்த ஆயுள்கால வரி 12 சதவீதமானது. 12,000 ரூபாய் கட்டியிருக்க வேண்டியவர் 18,000 கட்டினார். இதற்கு உங்கள் உறுப்பினரைத் தாராளமாகக் கேட்கலாம்.

பத்திரப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பை, 33 சதவீதம் குறைத்தார்கள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதே கையோடு பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனது. 30 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள மனைக்கு, அந்த மதிப்பிலேயே பத்திரம் போட்டால், முன்பு முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 1, ஆக 8 சதவீதம்: 2 லட்சத்து 40 ஆயிரம். குறைத்த பிறகு 20 லட்சத்து 10 ஆயிரத்துக்கு 11 சதவீதம்: சுமார் 2 லட்சத்து 21 ஆயிரம். மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகப் பேசப்பட்டது, உண்மையில் குறைந்தது 19 ஆயிரம். 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கே திரும்பியது, கட்டணம் 2 சதவீதமானது. அப்போது 30 லட்சத்துக்கு 9 சதவீதம், 2 லட்சத்து 70 ஆயிரம் ஆனது. "கட்டணம் பாதியாகக் குறைந்தது" என்ற செய்தியைப் படித்துவிட்டு வந்த ஒருவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. இவ்வளவும் பேரவையில் யாருடைய வாக்கும் தேவைப்படாமல் நடந்தவை. 2023இல் பட்ஜெட் உரையில் அறிவிப்பு வந்தது, அப்புறம் உத்தரவும் சுற்றறிக்கையும் வந்தன. உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று அந்தச் சுற்றறிக்கையை உயர் நீதிமன்றம் 2024இல் ரத்து செய்தது. அவையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு வழக்குதான் கேட்டது.

மூன்றாவது வாசல் ஜிஎஸ்டி மன்றம். 2017இல் தமிழ்நாடு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தைப் பேரவை நிறைவேற்றியது, விகிதங்களைப் பொறுத்தவரை அதோடு சரி. அதற்குப் பிறகு விகிதங்கள் மன்றத்தின் பரிந்துரைப்படி அரசிதழ் அறிவிக்கையாக வருகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் நாடு முழுக்க விகிதங்கள் மாறியபோது எந்த மாநில உறுப்பினரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. மன்றத்தில் மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு எடை உண்டு. நம் சார்பில் அங்கே உட்காருபவர் ஓர் அமைச்சர் மட்டுமே. மன்றத்தின் பரிந்துரை சட்டமியற்றும் அவைகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. அதனால், மன்றத்தில் தமிழ்நாடு என்ன நிலை எடுத்தது என்று பேரவையில் கேட்க உங்கள் உறுப்பினருக்கு முழு உரிமை உண்டு.

பேரவை விதிகளில் 110ஆவது விதியையும் மறக்க வேண்டாம். 50,000 ரூபாய் வரையிலான பழைய வரி நிலுவைத் தள்ளுபடி 2023 அக்டோபரில் இப்படித்தான் அறிவிக்கப்பட்டது. என் வாடிக்கையாளர்களில் சிலருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் 110இன் கீழ் அறிக்கை வாசித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. ஒழுங்காக வரி கட்டியவன் ஏமாளியா என்று ஒருவர் எழுந்து கேட்டிருக்கலாம். விதியில் அதற்கு இடமில்லை.

சரி, வாக்குப் பதிவு இல்லாத நிலையில் எதைப் பார்ப்பது? பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் பாருங்கள். அதிலும் வணிகவரி மற்றும் பதிவுத்துறை மானியக் கோரிக்கை, அதாவது துறையின் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்பது, வரும் நாள். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அன்று வெளியாகும், உறுப்பினர்கள் பேசுவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கேட்பவர்களைப் பார்க்கலாம். விகிதத்தைப் பற்றியோ, திருப்பித் தர வேண்டிய வரித்தொகை தேங்கிக் கிடப்பதைப் பற்றியோ பேசுபவர்கள் அபூர்வம். யாராவது பேசியிருந்தால் பெயரோடு இருக்கும். கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்திருந்தாலும், மசோதாவில் ஒரு பிரிவுக்குத் திருத்தம் கேட்டிருந்தாலும் பெயரோடு இருக்கும். குரல் வாக்கெடுப்பில் காணாமல் போகும் ஆளை இங்கே பிடிக்கலாம்.

வணிகர் சங்கங்கள் இதில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பல கூட்டங்களில் சொல்லிவருகிறேன். மனுவை அமைச்சரிடம் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். மானியக் கோரிக்கைக்கு முந்தைய வாரமே தொகுதி உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். "வியாபாரிகள் கஷ்டப்படுகிறார்கள்" என்று எழுதினால் அது கட்டோடு கட்டாகப் போய்விடும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, இப்போது என்ன வாசகம், என்ன வாசகம் வேண்டும் என்று எழுதுங்கள். கடிதம் பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். வரி மசோதா வருகிறது என்றால் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்: குரல் வாக்கெடுப்பை ஏற்காமல் எண்ணிக்கை வாக்கெடுப்பு கேட்பீர்களா? கேட்டாலும் பேரவைத் தலைவர் மறுக்கலாம். கேட்டார் என்பது குறிப்பில் ஏறும், கேட்காவிட்டால் உங்கள் கையில் ஒப்புகை இருக்கும்.