அயலினச் செல்லப்பிராணி: சொல் விளக்கம்

'எக்ஸோட்டிக் பெட்' என்று பிராணிக் கடைகளில் சொல்வதை நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். நாய், பூனை போல வழிவழியாக வீட்டோடு வளராத, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த உயிரினம் என்பதுதான் பொருள். மூலம் 'எக்ஸோ' என்ற கிரேக்கச் சொல். 'வெளியே' என்று அர்த்தம். தமிழில் அயலினச் செல்லப்பிராணி என்று சொன்னால் சரியாக இருக்கும். 'அபூர்வப் பிராணி' என்று எழுதுவது பிழை. அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புக் காது ஆமை பல நாடுகளில் விற்பனையாகிறது. அதில் அபூர்வம் ஏதுமில்லை, ஆனால் இலங்கைக்கு அது அயல்தான்.

சரி, யாருக்கு அயல்? இலங்கையின் மலைநாட்டில் ஹக்கல, நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கம் மூக்கில் கொம்பு நீட்டிய ஓணான் இருக்கிறது. அதே குளிர்க்காட்டில் பாசி படிந்த கிளையை வாலால் சுற்றிப் பிடித்தபடி மிக மெதுவாக நகரும் குள்ள ஓணானும் உண்டு. அது முட்டையிடாமல் குட்டி போடுவது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இவை இல்லை. ஐரோப்பியச் சேகரிப்பாளரின் கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் இவைதான் 'எக்ஸோட்டிக்' ஆகின்றன. நமக்கோ இவை சொந்த மலையின் உயிர்கள்.

இலங்கையின் 1937ஆம் ஆண்டு விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட ஊர்வனவற்றை அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். 2019இல் ஜெனீவாவில் கூடிய அதன் மாநாடு குள்ள ஓணானை முதலாம் பட்டியலில் சேர்த்து, அந்த ஓணானின் சர்வதேச வணிகத்தைத் தடுத்தது. மூக்கில் கொம்புள்ள அந்த ஹக்கல ஓணான், வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் பட்டியலுக்குப் போனது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய ஒதுக்கீடு பூச்சியம்.

ஊர்வன வளர்ப்பவர் என்றாலே பாம்பாட்டி, கிறுக்கு என்று பேசுவது நம்மிடம் சாதாரணம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கம் ஓணானைக் கண்டால் பிள்ளைகள் கல்லைத்தான் தேடுவார்கள். அந்த அருவருப்பு எனக்கு வருத்தம் தருகிறது. கூண்டிலேயே பிறந்த பல்லியை அந்தந்த நாட்டுச் சட்டப்படி அக்கறையோடு வளர்ப்பவரையும், ஹக்கல காட்டில் ஓணான் பிடித்துப் பெட்டியில் அடைத்து அனுப்புபவரையும் ஒரே பெயரால் அழைப்பது அநியாயம். முன்னவரை 'ஊர்வன வளர்ப்பாளர்' என்போம். பின்னவர் கடத்தல்காரர். அவரிடம் பிடிபட்ட ஓணானைச் செய்தியில் 'செல்லப்பிராணி' என்று எழுதக்கூடாது, அது காட்டுயிர்.